கட்டுச்சோறும் அஞ்சறைப் பெட்டியும்

சேலையூர்,
14 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் ஜான்சி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் ஜெரோம் அண்ணனும் சுகமா? திடீரென்று என்னிடமிருந்து ஈமெயில் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தமிழில் டைப் அடித்துப் பழக வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரிக்கு மேல் கை போகாது. அண்ணனுக்கு எழுதினால் "ஓகே" என்று பதில் வரும். ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

விஷயம் இது. பம்மலில் மைதீன் பிச்சை பாய் என்று ஒருவர் இருக்கிறார். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குக் கட்டில், வீல்சேர், காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். எந்த வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்பதைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி சாக்பீஸில் எழுதி வைத்தே காலம் தள்ளிவிட்டார். கடையைப் பார்த்துக்கொள்ளும் மகள் சபீஹாவின் பிடிவாதத்தில் இப்போது சாஃப்ட்வேர் வேண்டுமாம். அதுவும் எல்லாத் திரையும் தமிழில். நான் சொந்தமாக சாஃப்ட்வேர் கடை போட்ட பிறகு கிடைத்த முதல் உருப்படியான வேலை. நன்றாக வந்தால் கேம்ப் ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில், என் போர்டு நிலைக்கும். சொதப்பினால் பழையபடி எவன் ஆபீஸிலாவது கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நீங்கள் நாவலூரில் ஒன்பது வருஷம் டேட்டாபேஸ் மேய்த்தவர். உங்களுக்கு டேபிள்தான் தெய்வம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நான் நோஎஸ்க்யூஎல் கட்சி, அதாவது டேபிளே வேண்டாம் என்கிற கட்சி. கட்டம் போட்டு, இதற்குள்தான் இது வர வேண்டும் என்று சட்டம் பேசுவது எனக்கு ஒத்துவராது. ஒரு ஆளுக்கு ஒரு டாக்குமென்ட், ஒரு வாடகைக்கு ஒன்று, ஒரு சர்வீஸுக்கு ஒன்று. ஆள், விலாசம், சாமான் எல்லாம் அந்தந்த டாக்குமென்டுக்குள்ளேயே. உங்களுடையது அஞ்சறைப் பெட்டி, என்னுடையது கட்டுச்சோறு. பிரித்தால் சாப்பிடலாம். என்ன சொல்கிறீர்கள்?

"அவ சாப்டாளான்னு கேளு" என்று அம்மா சொல்லச் சொன்னாள். உங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து உங்களிடம் நேராகப் பேசாதவள், வழக்கம்போல என் மூலமாக. சாப்பிட்டீர்களா? அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
ஜான்சி

*

ரூவி, மஸ்கட்,
20 ஜனவரி 2024

அன்புள்ள ஜான்சிக்கு,

காந்திமதி எழுதியது. நாங்கள் நலம். குளிர் இதமாக இருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. சாப்பிட்டேன் என்று அத்தையிடம் சொல்லவும்.

நீ கேட்டதற்குப் பதில். டேபிள் தெய்வமெல்லாம் இல்லை. சாமிக்குப் படைப்பதும் பசிக்குச் சமைப்பதும் வேறு என்பது எனக்கும் தெரியும். லட்சக்கணக்கில் ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து மோதுகிற கடை என்றாலோ, நாளைக்கு என்ன வரும் என்றே தெரியாத சரக்கு என்றாலோ உன் வழி சரி. பாய் கடைக்கு அத்தனை கூட்டம் வரப்போவதில்லை. அங்கே ஒரு ஆள், அவர் வீடு, வீட்டிலிருக்கும் சாமான், அதற்கு மாதாமாதம் நடக்கும் சர்வீஸ் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அப்படிப் பின்னிக் கிடப்பதை வைக்கத்தான் டேபிள். ஆளின் விலாசம் ஆள் டேபிளில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். மற்ற எல்லா டேபிளும் அந்த ஆளின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, விலாசம் வேண்டும்போது அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும்.

கட்டுச்சோறு என்று நன்றாகச் சொன்னாய். கட்டி முடித்த பிறகு உப்பு குறைகிறது என்று தெரிந்தால் எத்தனை பொட்டலத்தைப் பிரிப்பாய்? வாடிக்கையாளர் வீடு மாறினால் என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்.

இதை எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தேன். வாத்தியாரம்மா மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. இந்த மாதிரி நான் யாரிடமும் பேசி வெகுநாள் ஆயிற்று.

அன்புடன்,
காந்திமதி

*

சேலையூர்,
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், உங்கள் நலத்துக்கும் குறைவிருக்கக் கூடாது. வாத்தியாரம்மாவாம்! வயதில் நான் உங்களைவிட ஆறு மாதம் மூத்தவள், ஞாபகம் இருக்கட்டும். உறவு முறையில் அண்ணி ஆகிவிட்டீர்கள் என்பதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

உப்புக் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் என் பக்கத்தைக் கேளுங்கள். பாய் கடையில் ஒரு சாமான் போல இன்னொன்று இல்லை. கட்டிலுக்குச் சுற்றும் கைப்பிடி உண்டு, மெத்தைக்குப் பம்பு உண்டு, ஆக்சிஜன் மெஷினுக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தனிக் கதை. போன வாரம் எங்கிருந்தோ ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் ஒரு கிரேன் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் ஆறாவது சாமானுக்கு இடம் எங்கே?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நோயாளி தவறிவிட்டால் பாய் உடனே போய்ச் சாமானைத் தூக்க மாட்டார். முதலில் வெறுங்கையோடு போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருவார். அந்த வீட்டுக்காரர்களாகக் கூப்பிட்டு "எடுத்துக்குங்க பாய்" என்று சொல்லும் வரை சாமான் அங்கேயே இருக்கும். கடையின் வழக்கம் அது. "உன் கம்ப்யூட்டர் அவங்களுக்கு டியூ கீதுன்னு மெசேஜ் கிசேஜ் அனுப்பிடப் போவுது மா. இன்னா பண்ணலாம்?" என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள், "துக்க வீடு" என்று ஒரு குறி வைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் குறி இருந்தால் எந்த மெசேஜும் போகாது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கட்டம் கட்டிக்கொண்டிருந்தால் நடக்குமா?

சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிவிட்டது. கரும்பலகையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார்கள். நேற்றுக் கடையில் எனக்குப் பிரியாணி.

அம்மா கேட்பது: சாப்பிட்டீர்களா? நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்?

வெற்றிக் களிப்பில்,
ஜான்சி

*

ரூவி,
12 பிப்ரவரி 2024

அன்புள்ள ஜான்சிக்கு,

நாங்கள் சுகம். அத்தைக்கு மூட்டு வலி தேவலையா? சாப்பிட்டேன் என்று சொல்.

"துக்க வீடு" பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் ஆபீஸில் அந்த ஒரு குறி வைக்க மூன்று மீட்டிங் நடந்திருக்கும், அதற்குள் துக்கமே ஆறிப்போயிருக்கும். இந்த ஆட்டம் உனக்கு. சாமான் விஷயத்திலும் நீ சொல்வது சரி. ஒன்றுபோல ஒன்று இல்லாததைக் கட்டத்துக்குள் திணிக்கக் கூடாது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒருவருடைய விலாசத்தை எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறாய்? ஒன்று மாறினால் மற்றவை தானாக மாறுமா? நீ விரும்பினால் உன் டாக்குமென்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி அனுப்பு. நான் பார்க்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
காந்திமதி

*

ரூவி,
30 மார்ச் 2024

அன்புள்ள ஜான்சிக்கு,

நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று உன் அண்ணன் சொன்னார். இருக்கும். கடைசிக் கடிதத்தில் நான் ஏதாவது அதிகப்படியாக எழுதிவிட்டேனா என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்.

டேட்டாபேஸ் பற்றி எழுத வேண்டும் என்று இல்லை. அத்தை இன்று என்ன சமைத்தார் என்று எழுதினாலும் போதும்.

அன்புடன்,
காந்திமதி

*

சேலையூர்,
5 ஏப்ரல் 2024

அண்ணி,

இந்த ஒரு தடவை நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். நீங்கள் ஒன்றும் அதிகப்படியாக எழுதவில்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதினீர்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தனக்கோடி என்று ஒருவர். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், பாய் கடை ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு ஓடுகிறது. அடையாற்றங்கரையில் குடியிருந்தார்கள். அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். மெஷினோடு அங்கே போனார்கள். அவர் மனைவி தாயாரம்மாள் பொறுப்பாகக் கடைக்கே வந்து புது விலாசமும் புது போன் நம்பரும் கொடுத்திருக்கிறார். சபீஹாவும் பொறுப்பாக மாற்றியிருக்கிறாள். வாடிக்கையாளர் டாக்குமென்டில் மாறிற்று. வாடகை டாக்குமென்டில் மாறிற்று. ஏற்கெனவே தேதி குறித்து வைத்திருந்த சர்வீஸ் டாக்குமென்டில் மட்டும் மாறவில்லை. அதையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று நான் எழுதவே இல்லை.

ஃபில்டர் மாற்றி, அவசரத்துக்கு வைத்திருக்கும் சிலிண்டரையும் நிரப்பிக் கொடுக்க பாயின் தங்கை மகன் ஆசிப் கிளம்பினான். அவன் போனில் காட்டியது பழைய விலாசம், பழைய நம்பர். போனால் அங்கே வீடே இல்லை, வெறும் மண். நம்பரும் அடிக்கவில்லை. "போனேன், ஆள் இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் தாயாரம்மாள் கடைக்கு போன் செய்திருக்கிறார். சபீஹாவின் திரையில் பெரும்பாக்கம் விலாசம் சரியாக இருக்கிறது, ஆசிப் கிளம்பிவிட்டான் என்றும் இருக்கிறது, அவன் போட்ட குறிப்பு மட்டும் அங்கே வரவில்லை. "ஆள் வந்துகினே இருக்காரு மா, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை நம்பி அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். சிலிண்டரும் தீர்ந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து கீழே தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

பிழைத்துக்கொண்டார் அண்ணி. இன்றுதான் வார்டுக்கு மாற்றினார்கள். அதுவரை என்னால் யாருக்கும் எழுத முடியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கட்டுச்சோற்றுக்குள்ளே எலியை வைத்துக் கட்டினவள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாயாரம்மாளிடம் நான்தான் காரணம் என்று சொன்னேன். "நீ இன்னாமா பண்ணுவ? புது வூட்டு அட்ரஸு எங்களுக்கே இன்னும் மனப்பாடம் ஆவல" என்று சொல்லி, எனக்கு வந்த அழுகையை அவர் துடைத்துவிட்டார். பாய் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. நோன்பு வாயோடு, மெதுவாகத்தான் சொன்னார். "நீ நல்ல புள்ளதான் மா. ஆனா மூச்சு வியாபாரம் இது. பெருநாள் முடியட்டும், நான் பழையபடி பலகையிலயே எழுதிக்கிறேன். பலகையில ஒரு ஆளுக்கு ஒரு அட்ரஸுதான் மா கீது." கதவுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு மாதம் கேட்டிருக்கிறேன். வேலை போய்விடுமே என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை வீட்டு விலாசம் இப்படித் தப்பாக உள்ளே கிடக்கிறதோ தெரியவில்லை. உதவி செய்யுங்கள்.

ஜான்சி

*

ரூவி,
5 ஏப்ரல் 2024

ஜான்சி,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. அவர் பிழைத்துக்கொண்டார். அதை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே படி.

இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான். டேட்டாபேஸ் மாற்றுவதெல்லாம் பிறகு. இத்துடன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று டாக்குமென்டிலும் உள்ள விலாசத்தையும் நம்பரையும் ஒப்பிட்டு, எந்த வீட்டுக்கு ஒத்துப்போகவில்லையோ அந்தப் பெயரை மட்டும் சொல்லும். எதையும் மாற்றாது, பயப்படாதே. மூச்சு மெஷின் உள்ள வீடுகளை முதலில் சொல்லும்படி வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு பெயருக்கும் சபீஹாவை போன் செய்யச் சொல். எடுக்காத வீட்டுக்கு ஆசிப் நேரில் போகட்டும்.

அது முடிந்ததும் நீயும் நானும் உட்கார்ந்து இதைச் சரியாகக் கட்டுவோம். உன் கட்சியை விட வேண்டாம். ஆள், விலாசம், வாடகை, சர்வீஸ் இவை டேபிளுக்கு வரட்டும். விலாசம் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆசிப் போனும் சபீஹா திரையும் அந்த ஒரே இடத்தில்தான் கேட்கும். சாமான்களின் விவரம் உன் இஷ்டப்படி டாக்குமென்டாகவே இருக்கட்டும். இப்போது டேபிளிலேயே ஒரு கட்டத்தை மட்டும் அப்படி விட்டுவைக்க வசதி வந்துவிட்டது. அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் மட்டும் கலந்த பொடி. "துக்க வீடு" கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டாயானால் நான் வேலை செய்ய மாட்டேன்.

காலையில் உன் அண்ணன் ஆபீஸ் போனதும் கூப்பிடு. அத்தை பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும். இனிமேல் நீ எழுத மாட்டாயோ என்று நினைத்திருந்தேன். எழுதினாய். அதற்கு நன்றி.

காந்திமதி

*

சேலையூர்,
5 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், வெயிலைத் தவிர. அங்கே வெயில் இதற்கு அப்பன் என்று கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் பேசினாலும் நேற்று நடந்ததை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். பாயிடம் நான் கேட்டிருந்த ஒரு மாதம் முடிந்தது. புதுசு ஓடுகிறது. முதல் நாளே உங்கள் புரோகிராம் சொன்ன பெயர்களில் மூச்சு மெஷின் வீடு ஒன்று அனகாபுத்தூரில் இருந்தது. போன் எடுக்கவில்லை. ஆசிப் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு டீச்சரம்மாவின் மெஷின், ஃபில்டர் அடைத்துக்கொண்டு, முனகிக்கொண்டிருந்திருக்கிறது. தக்க சமயத்தில் போனான். போனில் சொன்னேனே, நீங்கள் ஒன்றும் பேசாமல் இருந்தீர்களே, அதே வீடுதான். அந்த டீச்சரம்மா ஆசிப் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தாராம். அதில் பாதிக்குமேல் மஸ்கட்டுக்குச் சேர வேண்டியது.

தனக்கோடி வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ஆசிப்புடன் நானும் பெரும்பாக்கம் போனேன். மூக்கில் குழாயோடு உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பொண்ணுதான் என்னைத் தொலைச்சிது, இந்தப் பொண்ணேதான் கண்டுபுடிச்சிது" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தார். கண்டுபிடித்தது என் அண்ணி என்று சொன்னேன். "அவங்க நல்லா இருக்கணும் மா. எங்க வூட்டுக்கு ஒரு தபா இட்டுக்கினு வா" என்றார் தாயாரம்மாள்.

அங்கிருந்து கடைக்குப் போனால் பாய் எனக்குப் பரீட்சை வைத்தார். "தனக்கோடி பேரை அழி, பாக்கலாம்" என்றார். எனக்குக் கை வரவில்லை. "அட, அழி மா, இன்னா ஆவுதுன்னு பாக்கணும்" என்றார். அழுத்தினேன். டேட்டாபேஸ் முடியாது என்றது. அந்த வீட்டில் மெஷின் இருக்கிறது, அந்த மெஷினுக்கு அடுத்த சர்வீஸ் இருக்கிறது, இவையெல்லாம் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெயரை எடுக்க விடமாட்டேன் என்றது. நீங்கள் வைத்த பூட்டு. பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொருளு வூட்ல இருக்கிற வரிக்கும் பேரு போவாதா? நம்ம கடை வழக்கம் இதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு சபீஹாவைக் கூப்பிட்டு, பலகையைத் துடைத்து உள்ளே வைக்கச் சொன்னார்.

என் போர்டு நிலைத்தது அண்ணி. உங்களால். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் "அதெல்லாம் விடு" என்பீர்கள்.

சாப்பிட்டீர்களா என்று அம்மா கேட்கிறாள். பழைய கேள்வியை நானும் விடுவதாக இல்லை. நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்?

நன்றியுடன்,
ஜான்சி

*

ரூவி,
26 ஜூன் 2024

அன்புள்ள ஜான்சிக்கு,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை முடிந்த பிறகு தினமும் கூப்பிடக் காரணம் இல்லாமல் போயிற்று. நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் பேச வேண்டாம் என்று இருந்தேன்.

என் விசாவில் வேலை பார்க்க முடியாது. தெரிந்துதான் வந்தேன், யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை. உன் அண்ணன் தங்கமானவர், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் ஆபீஸ் போன பிறகு என்ன செய்வதென்று தெரியாத வீடு இது. பெருக்குவேன், துடைப்பேன், ஜன்னலில் நின்று எதிர்க் கட்டிடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பார்ப்பேன். கை மறந்துவிடுமோ என்று பயந்து, இந்த வீட்டுச் சமையலறைக்கு ஒரு டேட்டாபேஸ் கட்டினேன். பருப்புக்கு ஒரு டேபிள், டப்பாவுக்கு ஒரு டேபிள், எது எதில் இருக்கிறது என்று இணைப்பு. சிரிக்காதே. மொத்தம் ஒரே ஒரு வாடிக்கையாளர், உன் அண்ணன். அவரும் நேராக டப்பாவைத் திறந்துதான் பார்ப்பார்.

இங்கே யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "வீட்டில்தான்" என்று சொல்லப் பழகிவிட்டேன். முதலில் பொய் சொல்வதுபோல இருந்தது. பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. அதனால்தான் உன் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. "வீட்டில்தான்" என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. நீ ஒருத்திதான் என்னிடம் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டாய், சண்டை போட்டாய், நான் சொன்னதைக் கேட்காமல் போனாய், பிறகு திரும்பி வந்து உதவி கேட்டாய். சண்டை போட்டதற்குத்தான் ரொம்ப நன்றி. விஷயம் தெரியாதவளிடம் யாரும் சண்டை போட மாட்டார்கள்.

அனகாபுத்தூர் டீச்சரம்மா வீட்டைப் பற்றி நீ போனில் சொன்ன அன்று நான் ஏன் பேசவில்லை என்றால், அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷத்தில்தான்.

உன் அண்ணனிடம் பேசினேன். அவருடைய ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நீட்டிக்காமல் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். நான் அதற்கு முன்னால், ஆகஸ்டில் வருகிறேன். ஜெராக்ஸ் கடை மாடியில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்குமா? தங்குவதற்கு வேளச்சேரியில் என் சித்தி வீடு இருக்கிறது. அத்தைக்குச் சங்கடம் வேண்டாம்.

அன்புடன்,
காந்திமதி

*

சேலையூர்,
3 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். சந்தோஷத்தில் சுகம்.

நாற்காலி வாங்கியாயிற்று. ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வெள்ளையடிக்கும் கட்டிடம் எதுவும் தெரியாது, கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும் பஸ்தான் தெரியும். பாயின் தம்பி குரோம்பேட்டையில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறார். அவருக்கும் சாஃப்ட்வேர் வேண்டுமாம். டேபிளா டாக்குமென்டா என்று நீங்கள் வந்ததும் சண்டையைத் தொடங்கலாம். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும். கேட்காமல் செய்ததற்குத் திட்டுங்கள். வேளச்சேரி சித்தி வீடு என்ற இடம் வந்ததும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் வேலையைப் பார்த்தேன். பாய் கடை சாஃப்ட்வேரில் பணியாளர் டேபிள் ஒன்று இருக்கிறதே, நீங்கள் போட்டதுதான், அதில் உங்கள் பெயரைச் சேர்த்தேன். பெரும்பாக்கத்துக்கும் அனகாபுத்தூருக்கும் அடுத்து நடக்க வேண்டிய சர்வீஸைச் சரிபார்ப்பவர் காந்திமதி என்று இணைத்தேன்.

அம்மா திரும்பி வந்து முதுகுக்குப் பின்னால் நின்றாள். "என்ன பண்றே?" என்றாள். சொன்னேன். தனக்கோடி பெயரை அழிக்க முடியாமல் போன கதையை முன்பே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"அப்ப இவ பேரையும் யாரும் எடுக்க முடியாதா?"

"இந்த வீடுங்கல்லாம் அவங்களைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற வரைக்கும் முடியாதும்மா."

"நம்ம வீடு?"

அம்மா திரையில் உங்கள் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மாடி ரூமை ஒழிச்சு வை. சித்தி வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். அதோடு போகாமல் என்னை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உங்களுக்கு எழுதுகிற கடிதம் எங்கே என்று கேட்டாள். உங்கள் கல்யாணம் ஆன இந்த ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் நான் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நான் ஒன்றையும் திருத்தவில்லை. கீழே இருப்பது அவளுடையது.

ஜான்சி

காந்திமதி சாப்டியா மா. வா. அம்மா